பிரிப்பது வேறு, இடிப்பது வேறு
பழைய மரமும் பழைய ஓடும் புது மதிப்புப் பெறும் காலத்தில் நாம் கவனிக்க வேண்டியவை

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பாலக்காட்டுப் பக்கத்துப் பழைய வீடுகளுக்கும் இந்தப் பழமொழி பொருந்தும். ஒரே ஒரு வித்தியாசம்தான். இறந்த யானையின் விலை ஊருக்கே தெரியும். இடித்த வீட்டின் விலைதான் பெரும்பாலும் வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை.

கொச்சியிலோ பெங்களூரிலோ சென்னையிலோ புதிதாகத் திறக்கப்படும் ஓட்டல்களுக்குள் நுழைந்து பாருங்கள். பழைய நிலைக்கதவு மேஜையாகப் படுத்திருக்கும். மச்சுப் பலகை சுவரை அலங்கரிக்கும். ஊஞ்சல் பலகை வரவேற்பறையில் பெஞ்சாக நிற்கும். முற்றத்துத் தூண் இரண்டு, எதையும் தாங்காமல், அழகுக்காக மட்டும் நிற்கும். இவற்றில் எத்தனை நம்முடைய அக்கிரகாரங்களிலிருந்தும் தரவாடுகளிலிருந்தும் போனவையோ! பழைய பொருளுக்குப் புது மதிப்பு வந்திருப்பது மகிழ்ச்சிதான். அந்த மதிப்பில் பொருளுக்கு உரியவருக்கும், அதைச் செய்த கைக்கும் எவ்வளவு பங்கு என்பதுதான் கேள்வி.

புதுப் பெயர், பழைய வழக்கம்

கழிவாகப் போக வேண்டிய பொருளை முன்பைவிட உயர்ந்த பொருளாக மாற்றுவதை மேல்நாட்டார் 'அப்சைக்ளிங்' என்கிறார்கள். 1994-ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளியான 'சால்வோ' என்ற இதழில், ஜெர்மனியைச் சேர்ந்த ரைனர் பில்ஸ் இந்தச் சொல்லை எடுத்துப் பேசினார். பழைய கட்டடத்துச் செங்கல்லை நொறுக்கித் தூளாக்கி, அதை மறுசுழற்சி என்று சொல்லிக்கொள்வதில் பெருமை இல்லை. அது பொருளைத் தாழ்த்துவது. வேண்டியது பொருளை உயர்த்துவது என்பது அவர் வாதம். அதற்கும் முன்பே, 1990-இல், பீட் ஹெய்ன் ஈக் என்ற டச்சு மாணவர் தம் படிப்பின் முடிவில் துண்டு மரங்களைச் சேர்த்து ஓர் அலமாரி செய்து காட்டினார். அந்த அலமாரியே அவரைப் பெரிய வடிவமைப்பாளராக்கியது.

நமக்கு இதெல்லாம் புதிய சங்கதியா? பாட்டியின் நூல் புடவை பேரனுக்குத் தொட்டிலானது. அதே புடவை பிறகு மெத்தை உறையானது. கடைசியில் அடுப்படியில் கரித்துணியானது. உடைந்த கட்டிலின் கால் மணையானது. இதற்கு நாம் பெயர் வைக்கவில்லை. 'வீணாக்கக் கூடாது' என்ற ஒரே விதிதான் இருந்தது.

தேயிலைப் பெட்டியின் மறுபிறவி

இடுக்கி மலைகளில் இந்த விதியின் சின்னம் தேயிலைப் பெட்டி. மெல்லிய பிளைவுட் பலகை, ஓரங்களில் தகரப் பட்டி, உள்ளே ஈரம் புகாதபடி உலோகத் தாள். இப்படிப்பட்ட பெட்டிகளில்தான் ஒரு காலத்தில் தேயிலை கப்பலேறியது. மூணாறு பகுதித் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை சென்று, அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் கோட்டக்குடிக்கு இறங்கி, போடி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் போன கதை நம் மூத்தவர்கள் அறிந்ததே. அந்தப் பாதையின் இரு முனைகளிலும் சுமை தூக்கியவர்கள் தமிழர்கள்.

சேதமடைந்து ஒதுக்கப்பட்ட பெட்டிகள் தோட்ட லயங்களில் வேறு பிறவி எடுத்தன. ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் அலமாரி. கவிழ்த்துப் போட்டால் பிள்ளைகள் எழுத மேஜை. பலகைகளைப் பிரித்து அடித்தால் ஒற்றை அறையை இரண்டாக்கும் தடுப்பு. இங்கிலாந்திலும் இதே பெட்டிகள் வீடு மாறுவோருக்குச் சாமான் பெட்டிகளாயின. 1950-களில் ஒரு குச்சியும் ஒரு கயிறும் சேர்த்து இளைஞர்கள் அதை இசைக்கருவியாகவே ஆக்கிவிட்டார்கள். பின்னர் காகிதப் பைகள் வந்தன, பெட்டிகள் மறைந்தன. இன்று நகரத்துப் பழம்பொருள் கடைகளில் முத்திரை அழியாத தேயிலைப் பெட்டிக்குத் தனி மவுசு. லயத்தில் அது ஏழ்மையின் அடையாளமாக இருந்தது. வரவேற்பறைக்குப் போனதும் ரசனையின் அடையாளமாகிவிட்டது.

இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமல்ல. வேலை முடிந்தால் வீட்டை ஒப்படைத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். அப்போது அவர் கையோடு கொண்டுபோகக் கூடியவை இந்தப் பெட்டியும் பெஞ்சும் கட்டிலும்தான். ஆகவே, மலையில் பழைய மரச்சாமான் என்பது அலங்காரமல்ல. ஒரு குடும்பத்தின் அசையும் சொத்து முழுவதும் அதுவே.

மூணாறு காட்டும் மூன்று வழிகள்

பழையதை என்ன செய்வது என்ற கேள்விக்கு மூணாறிலேயே மூன்று விடைகள் இருக்கின்றன.

முதலாவது, அப்படியே வேறு வேலைக்கு அமர்த்துவது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையாகத் தொடங்கி, 1908-இல் நீராவி எஞ்சின் ஓடும் குறும்பாதையானது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதை அடித்துச் சென்றது. ரயில் போயிற்று, மூணாறு ஸ்டேஷன் கட்டடம் போகவில்லை. அது தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாகி நிலைத்தது.

இரண்டாவது, காத்து வைத்துக் காட்டுவது. நல்லதண்ணி எஸ்டேட்டில் 2005-இல் திறந்த தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயில் எஞ்சினின் சக்கரம், 1905-ஆம் ஆண்டுத் தேயிலை அரைக்கும் எந்திரம், துரைமார் பங்களாக்களின் நாற்காலிகள், மரத்தாலான குளியல் தொட்டி எல்லாம் இருக்கின்றன. 1913-இல் நம் நாசரேத்துத் தொழிற்பள்ளியில் செய்யப்பட்ட சூரிய கடிகாரமும் உண்டு. தமிழ்நாட்டுக் கைத்திறனின் சாட்சி அது.

மூன்றாவது, கழிவிலிருந்து புதுப் பொருள் செய்வது. 1991-இல் டாடா தேயிலை நிறுவனத்தின் ஆதரவில் தொடங்கிய 'சிருஷ்டி' அமைப்பு, தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ள பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக் கொடுத்தது. அதன் 'அதுல்யா' பிரிவில் கழிவுக் காகிதம் அழகிய கைக்காகிதமாகிறது. 'ஆரண்யா' பிரிவில் இலை, பட்டை, தேயிலைக் கழிவு ஆகியவற்றிலிருந்து எடுத்த சாயத்தில் துணி நனைகிறது. அந்தத் துணி வெளிநாடு வரை போகிறது. இங்கே பொருள் மட்டுமா உயர்ந்தது? 'இந்தப் பிள்ளையால் என்ன ஆகும்' என்று ஊர் கைவிட்ட பிள்ளைகள் சம்பளம் வாங்கினார்கள்.

2018-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் எறணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்திலும் இதே தத்துவம்தான் கைகொடுத்தது. சேற்றில் மூழ்கிக் கறைபட்ட கைத்தறிச் சேலைகளை எரிக்க இருந்தார்கள். தன்னார்வலர்கள் அவற்றைக் கொதிநீரில் சுத்தம் செய்து, துண்டுகளாக்கி, 'சேக்குட்டி' என்ற பொம்மைகளாக்கினார்கள். ஒன்று 25 ரூபாய். ஒரே சேலையிலிருந்து நூற்றுக்கணக்கான பொம்மைகள் வந்ததால், புதுச் சேலை விற்றிருந்தால் கிடைத்திருக்கக் கூடியதைவிட அதிகப் பணம் நெசவாளர்களிடம் போய்ச் சேர்ந்தது. 'போய்ச் சேர்ந்தது' என்ற சொல்லைக் கவனியுங்கள். பழைய வீட்டு மர வியாபாரத்தில் பெரும்பாலும் நடக்காதது அதுதான்.

அக்கிரகாரத்துத் தூண் எங்கே போகிறது?

பாலக்காட்டில் 96 கிராமம் என்று சொல்வது வழக்கம். கல்பாத்தி முதலான அந்த அக்கிரகாரங்களின் வீடுகள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று நீண்டு போகும். பக்கத்து வீட்டோடு சுவர் பொதுவாக இருக்கும். பிள்ளைகள் பம்பாய்க்கும் டில்லிக்கும் அமெரிக்காவுக்கும் போனபின் வீடுகள் பூட்டப்பட்டன; பிறகு விற்கப்பட்டன. பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி போன்ற தெருக்கள் பாரம்பரியப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டதால் அங்கே முகப்பை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. அந்தக் காப்பு இல்லாத சிற்றூர்களில், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமெல்லாம், வீடுகள் சத்தமில்லாமல் மறைகின்றன.

வியாபாரம் நடக்கும் விதம் எளிது. வீட்டுக்காரருக்கு நேரமில்லை, இடம் காலியானால் போதும். வியாபாரி வந்து சுற்றிப் பார்த்து, ஓடு முதல் வாசற்படி வரை மொத்தமாக ஒரு விலை பேசுகிறார். இடிக்கும் செலவு அவருடையது. "கூலி மிச்சம்தானே, சாரே?" என்கிறார். வீட்டுக்காரரும் சம்மதிக்கிறார். உத்திரம் எத்தனை கன அடி, எது தேக்கு, எது ஈட்டி, எது பலா, எது அயினி என்று யாரும் எழுதி வைப்பதில்லை. கூடத்துத் தூணும் கொல்லைக் கதவும் ஒரே கணக்கில் போய்விடுகின்றன.

செட்டிநாட்டுக்காரர்கள் இதை நமக்கு முன்பே கண்டவர்கள். பர்மாத் தேக்கில் இழைத்த மாளிகைகள் பங்குதாரர் பெருகியதால் பராமரிக்க முடியாமல் பிரிக்கப்பட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக எழுந்தன. அங்கே கதவும் தூணும் எனாமல் தட்டும் வாங்க உலகமே வருகிறது. ஆனால் அங்குள்ள வியாபாரிகளுக்கும் ஆசாரிகளுக்கும் பொருளின் தரம் தெரியும். எது முழுசாக இருக்க வேண்டும், எது துண்டானாலும் விலை போகும் என்ற அறிவு அந்தத் தெருவிலேயே தங்கியிருக்கிறது. நம் எல்லைப் பகுதியில் அந்த அறிவு ஆசாரிமாரிடம் இருந்தும், விலை பேசும்போது அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை.

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். இந்த மரம் இனிக் கிடைக்காது. பரம்பிக்குளம் காட்டிலிருந்து தேக்கும் ஈட்டியும் இறக்குவதற்காகவே கொச்சி சமஸ்தானம் 1907-இல் சாலக்குடி வரை காட்டு டிராம் பாதை போட்டது. 1963-இல் அது மூடப்பட்டது. பரம்பிக்குளம் 2010 முதல் புலிகள் காப்பகம். மரங்கள் அங்கே பத்திரமாக இருக்கட்டும், இருக்கவும் வேண்டும். அப்படியானால், நூறு வருஷம் காட்டில் விளைந்து, இன்னும் நூறு வருஷம் கூரையில் காய்ந்த மரம் இனி நம் பழைய வீடுகளில் மட்டுமே உண்டு. இவ்வளவு காய்ந்த மரம் எளிதில் முறுக்கிக் கொள்ளாது. தோட்டத்தில் வளர்த்து இளசில் வெட்டிய தேக்கு அதற்கு ஈடாகுமா?

சுண்ணாம்பும் சிமெண்டும்

பிரிப்பது வேறு, இடிப்பது வேறு என்று தலைப்பிலேயே சொன்னோம். பழைய வீடு பிரிப்பதற்கென்றே கட்டியது போல இருக்கும். மரங்கள் நாக்கும் துளையுமாகக் கோத்து, மர ஆணி அடித்து நிறுத்தப்பட்டவை. செங்கல்லும் வெட்டுக்கல்லும் சுண்ணாம்புச் சாந்திலோ மண்ணிலோ வைக்கப்பட்டவை. சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது. ஆகவே தட்டினால் சாந்து உதிரும், கல் முழுசாகக் கையில் வரும். சிமெண்டு அப்படியல்ல, கல்லைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தட்டினால் கல்தான் உடையும். நேற்றுக் கட்டிய வீட்டிலிருந்து குப்பைதான் மிஞ்சும். பாட்டன் கட்டிய வீட்டிலிருந்து இன்னொரு வீடே கிடைக்கும்.

2020 ஜனவரியில் கொச்சி மரடில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சில வினாடிகளில் மிஞ்சியது 70,000 டன்னுக்கு மேற்பட்ட இடிபாடு. முன்கூட்டியே கழற்றிய கதவு சன்னல்கள் தவிர, கான்கிரீட் முழுவதும் தூளாக்கப்பட வேண்டியதாயிற்று. பில்ஸ் கண்டித்தது இதைத்தான்.

நேர்மாறான உதாரணம் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் இருக்கிறது. 1996-இல் திறந்த தட்சிணசித்ரா கலைக்கிராமத்துக்காக, இடிக்கப்பட இருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, ஒவ்வொரு பாகத்துக்கும் எண் போட்டுப் பிரித்து, லாரியில் கொண்டுபோய், அந்தந்த ஊர் ஆசாரிகளைக் கொண்டே மறுபடி நிறுத்தினார்கள். செட்டிநாட்டு வீடு அங்கே இருக்கிறது. கோட்டயம் புதுப்பள்ளியிலிருந்து போன சிரியன் கிறிஸ்தவர் வீடும் இருக்கிறது. குமரகத்து 'கோகனட் லகூன்' விடுதியும் பழைய தரவாட்டு வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து அமைத்ததே. வீடு இடம் மாறியது, வீடாகவே இருக்கிறது.

வாகமண் மலையில் கற்ற பாடம்

தட்சிணசித்ராவின் அமைப்பில் பங்கு கொண்டவர் லாரி பேக்கர். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917-இல் பிறந்த இவர், இமயமலைப் பித்தோராகரில் பல ஆண்டுகள் இருந்தபின், 1963-இல் மனைவி டாக்டர் எலிசபெத்துடன் நம் இடுக்கி எல்லை வாகமண்ணுக்கு வந்து குடியேறினார். பிறகே திருவனந்தபுரம். வீட்டுக்கு வேண்டிய பொருளை ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளேயே தேட வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னதை வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்தவர். 2007-இல் மறையும் வரை, பழைய சாமான் குவியல்களில் கதவும் சன்னலும் தேடுவது அவர் வழக்கம். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் அவர் கட்டிய சித்ரலேகா திரைப்படக் கூடத்தின் செதுக்கு வேலை மிகுந்த வாசல், அப்படிக் குப்பையில் கிடைத்ததுதான்.

அவர் பரப்பிய முறைகளில் நமக்கு மிகவும் பயன்படுவது பழைய ஓடு. கான்கிரீட் கூரையின் மேற்பகுதிதான் அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியில் இழுவிசையைக் கம்பியே தாங்குகிறது. கம்பிகளுக்கிடையே உள்ள கீழ்க் கான்கிரீட் சும்மா இடத்தை அடைக்கிறது. அந்த இடத்தில் இரண்டிரண்டு பழைய மங்களூர் ஓடுகளை வைத்துவிட்டால் சிமெண்டு மிச்சம். கூரையின் எடை குறையும். ஓடுகளுக்கு நடுவே உள்ள காற்று வெப்பத்தையும் தணிக்கும். மீனத்தில் பாலக்காட்டு வெயிலை அறிந்தவர்களுக்கு இதன் அருமை சொல்லவா வேண்டும்? பேக்கரும் முன்னாள் முதல்வர் அச்சுத மேனன் முதலியோரும் சேர்ந்து 1985-இல் தொடங்கிய காஸ்ட்போர்டு அமைப்பு இந்த முறையைக் கேரளமெங்கும் கொண்டு சென்றது. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கி வைத்த ஓட்டுத் தொழிலின் சரக்கு, இப்படிப் புதுக் கூரைக்குள் புகுந்து இன்னொரு தலைமுறைக்கு நிழல் தருகிறது.

எச்சரிக்கையும் வேண்டும்

பழையதெல்லாம் பொன்னல்ல. முக்கியமாக ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகள். பாலக்காடு - பொள்ளாச்சி மீட்டர் கேஜ் பாதை 2008-இல் மூடப்பட்டு, அகலப் பாதையாகி 2015-இல் திறந்தது நினைவிருக்கும். இதுபோன்ற பழைய பாதைகளின் கட்டைகளுக்கு மரச்சாமான் சந்தையில் கிராக்கி. ஆனால் மரம் உளுக்காமலிருக்க கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊற வைத்த கட்டைகள் அவற்றில் உண்டு. அது தோலுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது. புற்றுநோய் அபாயமும் உண்டு. ஐரோப்பிய நாடுகள் இத்தகைய கட்டையை வீட்டுக்குள்ளும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் பயன்படுத்தத் தடை விதித்திருக்கின்றன. கரிய நிறமும் தார் வாசனையும் இருந்தால் தோட்டத்து வேலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேஜையாக்க வேண்டாம்.

பழைய பெயிண்டையும் சுரண்டும்போது கவனம் தேவை. 2017-க்கு முந்தைய பெயிண்டுகளில் ஈயம் அதிகம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூசி பறந்து குழந்தைகளைப் பாதிக்கும். ஈரப்படுத்தித் தேய்க்க வேண்டும், முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். செல் அரித்த கட்டையை நல்ல மரத்தோடு சேர்த்து அடுக்கவே கூடாது.

எல்லையில் இருக்கும் நமக்கு இன்னொரு சங்கடம். வாளையார், கோவிந்தாபுரம், போடிமெட்டு, குமுளி என்று எந்த வழியாக மரம் கடந்தாலும் வனச் சட்டம் உண்டு. கேரளத்தில் 1975-ஆம் ஆண்டு வனப்பொருள் போக்குவரத்து விதிகள் இருக்கின்றன. பழைய வீட்டு மரம்தானே என்று லாரியில் ஏற்றிவிட்டு வழியில் தவிப்பதைவிட, வீட்டுப் பத்திர நகல், விற்பனைச் சீட்டு, பிரிப்பதற்கு முன் எடுத்த புகைப்படம் ஆகியவற்றோடு வனத்துறை ரேஞ்சு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

விற்குமுன் ஒரு நாள்

வீட்டை விற்கக் கூடாது, பிரிக்கக் கூடாது என்று யாருக்கும் உபதேசம் செய்ய முடியாது. ஒழுகும் கூரையின் கீழ் வசிப்பவருக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். பிரிப்பதென்று முடிவான பிறகாவது ஒரே ஒரு நாளை ஒதுக்குங்கள். ஊரில் வயதான ஆசாரி ஒருவரை, கூலி கொடுத்து, அழைத்து வாருங்கள். அவர் தட்டிப் பார்த்து, சீவிப் பார்த்து, மரத்தின் பெயரும் அளவும் சொல்வார். ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தூண், கதவு, உத்திரம், ஊஞ்சல் ஆகியவற்றுக்குத் தனித்தனி விலை பேசுங்கள். ஓடு முதலில், ரீப்பரும் கைமரமும் அடுத்து, உத்திரம், மச்சு, நிலை பிறகு, சுவர் கடைசியில் என்ற வரிசையில் பிரிக்கச் சொல்லுங்கள். சேரும் இடங்களில் எண் போடச் சொல்லுங்கள். தரையில் படாமல், நிழலில், இடையே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள். பொதுச்சுவர் உள்ள அக்கிரகாரமானால் பக்கத்து வீட்டாரின் சம்மதமும் முட்டுக் கொடுக்கும் ஏற்பாடும் முதலில்.

ஒரு நாள் கூலிதான் செலவு. அதனால் வீட்டுக்காரருக்கு நியாயமான விலை கிடைக்கும், மரம் விறகாகாது, ஆசாரிக்கு வேலையும் மரியாதையும் கிடைக்கும். இதில் மூன்றாவதுதான் அவசரமானது. நாக்கும் துளையும் கோத்து நிறுத்தத் தெரிந்த கைகள் குறைந்து வருகின்றன. ஆணி நிறைந்த பழைய மரத்தை அறுவை மில்லில் ஏற்றத் தயங்குவார்கள்; பொறுமையாக ஆணி பிடுங்கி, பிளவை அடைத்து, புதுப் பொருளாக்குவது கைவேலை. அதைக் கற்றுக்கொள்ளும் இளைஞனுக்கு எல்லையின் இருபுறமும் வேலை உண்டு: பொள்ளாச்சியிலும் தேனியிலும், பாலக்காட்டிலும் மூணாறிலும். நம் தமிழ் அமைப்புகளும் பள்ளிகளும் கூடும் இடங்களில் இதைப் பற்றியும் பேசலாம்.

மரம் காத்திருக்கும், நூறு வருஷம் காத்திருந்த பொருள் அது. அதைப் பிரித்துக் கோக்கத் தெரிந்தவர்களின் வயது காத்திருக்காது.